முன்பற்கள் சேரவில்லையா? கம்பியும் தாடை அறுவையும் சேர்ந்த சிகிச்சைக்கு ஒரு முழு வழிகாட்டி

பின்பற்களை நன்றாகக் கடித்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது மூடி நிற்க வேண்டும். அப்படி மூடாமல் நடுவில் ஒரு சந்து தெரிந்து, அதன் வழியே நாக்கு எட்டிப் பார்த்தால் அதுதான் ஓபன் பைட். இது உள்ளவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌவை எங்கள் தென்னாப்பிரிக்க டர்பனில் எல்லோரும் கையால் பிய்த்துத்தான் தின்கிறோம், அங்கே தப்பித்துவிடலாம். சாண்ட்விச்சில்தான் மாட்டிக்கொள்வார்கள். கடித்து இழுத்தால் ரொட்டி துண்டாகும், லெட்யூஸ் இலை முழுசாக உருவிக்கொண்டு வரும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. முளைத்த புதிதில் முன்பற்களின் விளிம்பில் மூன்று சின்ன மேடுகள் இருக்கும். மேலும் கீழும் உரசி உரசி நமக்கெல்லாம் அவை சில வருடத்திலேயே தேய்ந்துவிடும். ஓபன் பைட் உள்ளவர்களுக்கு முப்பது வயதிலும் அந்த மேடுகள் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பற்களுக்கு வேலையே கிடைக்கவில்லை என்று அர்த்தம். பாரமெல்லாம் கடைவாய்ப் பற்களின் தலையில் விழுந்திருக்கும்.

நான் டர்பனில் ஒரு பல் சீரமைப்புக் கிளினிக்கின் முன்மேசையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவர் அறைக்குள் பத்து நிமிடத்தில் சொல்லி முடிப்பதை வெளியே வந்து மறுபடி ஒருமுறை கேட்பவர்களுக்குச் சொல்வது என் வேலையாகிவிட்டது. சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் வருகிற நம் குடும்பங்கள் என்ன கேட்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதை வைத்து எழுதியது இது.

முதல் படி: காரணம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

முன்னால் தெரிகிற சந்துக்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் இருக்கிறது. ஒரு பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கீலுக்குப் பக்கத்தில் சின்னக் கல் ஒன்று சிக்கினால் போதும், நுனி அகலமாகத் திறந்து நிற்கும். வாயிலும் அதே கணக்குதான். மேல்தாடை எலும்பு கடைவாய்ப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இறங்கி வளர்ந்திருந்தால் பின்பற்கள் முதலில் முட்டிக்கொள்ளும். கீழ்த்தாடை பின்னோக்கிச் சுழன்று, முன்னால் நாலைந்து மில்லிமீட்டர் திறந்தே கிடக்கும். முகத்தின் கீழ்ப்பாதி நீளமாகத் தெரியும். உதட்டை மூடினால் முகவாய்த் தோல் சுருங்கும். இது எலும்பு சார்ந்த ஓபன் பைட். இந்த வழிகாட்டி முக்கியமாக இவர்களுக்குத்தான்.

பல் சார்ந்தது வேறு. எலும்பு சரியாக இருக்கும், விரல் சூப்பியதாலோ பால் புட்டியை வெகுகாலம் விடாததாலோ முன்பற்கள் முழுசாக இறங்கியிருக்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கத்தை நிறுத்தினாலே பல நேரம் தானாக மூடிக்கொள்ளும். வாயால் மூச்சு விடுகிற பிள்ளை என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி அடினாய்டு, ஒவ்வாமை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து "ஆபரேஷன் வேணுமா டாக்டர்?" என்று பயந்து கேட்கும் ஆயாக்களுக்கு எங்கள் மருத்துவர் சொல்லும் முதல் பதில், "இப்போது யாரும் கத்தியைத் தொடப்போவதில்லை" என்பதுதான்.

மூன்றாவது வகையைத்தான் தவறவிடக் கூடாது. சின்ன வயதில் நன்றாகச் சேர்ந்திருந்த பற்கள் பதினெட்டு, இருபத்தைந்து, முப்பது வயதில் மெதுவாகத் திறந்துகொண்டே போனால், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டைச் சந்தேகப்பட வேண்டும். மூட்டின் தலைப்பகுதி எலும்பு கரைகிற ஒரு நிலை இருக்கிறது, இளம்பெண்களுக்கே அதிகம் வரும். மூட்டுவாதமும் இப்படிச் செய்யும், பழைய தாடை முறிவும் செய்யும். எலும்பு இன்னும் கரைந்துகொண்டிருக்கும்போது அறுவை செய்தால் கடி மறுபடி திறந்துவிடும். அதனால் ஸ்கேன் எடுத்து, சில மாதம் விட்டு மறுபடி எடுத்து, மூட்டு அடங்கிவிட்டது என்று உறுதி செய்த பிறகே அடுத்த படி. பழைய குடும்பப் புகைப்படங்கள், பள்ளிக்கூடப் படங்கள், பல் தெரியச் சிரித்த கல்யாணப் படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். எப்போது திறக்க ஆரம்பித்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாம் படி: அறுவை வேண்டுமா, கம்பி மட்டும் போதுமா

கம்பியும் ரப்பர் பேண்டும் போட்டு முன்பற்களைக் கீழே இழுத்துச் சந்தை மூடிவிடலாம். பல் சார்ந்த, சின்ன அளவு ஓபன் பைட்டுக்கு அது போதும். எலும்பு சார்ந்ததை அப்படி மூடினால் பற்கள் எலும்பை விட்டு நீண்டு இறங்கும், சிரித்தால் ஈறு அதிகமாகத் தெரியும், கம்பியைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்தைத் தேடிப் போகும். எங்களிடம் வருகிற பெரியவர்களில் கணிசமானவர்கள் சின்ன வயதில் ஒருமுறை இப்படிக் கம்பி போட்டு மூடி, மறுபடி திறந்துகொண்டவர்கள்.

நடுவில் ஒரு வழி உண்டு. ஈறு எலும்பில் மினி ஸ்க்ரூ என்ற சின்ன டைட்டானியம் ஆணிகளை வைத்து, அதிலிருந்து கடைவாய்ப் பற்களை மேல்நோக்கி இழுத்து எலும்புக்குள் அமுக்குவது. அதாவது கீலில் சிக்கிய கல்லைக் கம்பியாலேயே குறைப்பது. கடைவாயில் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் முன்னால் ஏறத்தாழ இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மூடும். மிதமான கேஸ்களுக்கு இது நல்ல வழி. அறுவை வேண்டாம் என்பவர்கள் கட்டாயம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஆனால் தாடை பின்தங்கியோ முன்தள்ளியோ கோணலாகவோ இருந்தால், மேல்தாடை மிகக் குறுகலாக இருந்தால், முகம் ரொம்ப நீளமாக இருந்தால், ஸ்க்ரூ அதையெல்லாம் சரிசெய்யாது. அங்கேதான் அறுவை வருகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். எலும்பா பல்லா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் கம்பி போட ஆரம்பிக்கக் கூடாது, தபாலில் வரும் அலைனரும் (பற்களை நகர்த்தும் பிளாஸ்டிக் உறை) கூடாது. கம்பி மட்டும் போட்டு மூடுவதற்குப் பற்களை நகர்த்தும் திசை வேறு, அறுவைக்குத் தயார் செய்ய நகர்த்தும் திசை வேறு. பாதி வழியில் மனம் மாறினால் செய்த வேலையை முதலில் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

வயது: வளர்ச்சி நின்ற பிறகுதான் அறுவை. பெண்களுக்குப் பொதுவாகப் பதினாறை ஒட்டி, ஆண்களுக்குப் பதினெட்டை ஒட்டி. முகம் நீளமாக வளரும் போக்கு கடைசியில்தான் நிற்கும் என்பதால் சிலருக்கு இன்னும் தாமதமாகும். பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றை எடுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மேல்வரம்பு வயது என்று ஒன்று கிடையாது. வயது கூடக்கூட நரம்பு மரமரப்பு தெளிவது மெதுவாகும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: இரண்டு நிபுணர்கள், ஒரே திட்டம்

ஒருவர் ஆர்த்தோடான்டிஸ்ட், பற்களை நகர்த்துபவர். இன்னொருவர் மேக்ஸில்லோஃபேஷியல் சர்ஜன், தாடை எலும்பை நகர்த்துபவர். இருவரும் கம்பி போடும் முன்பே உங்கள் எக்ஸ்ரேயை ஒன்றாகப் பார்த்திருக்க வேண்டும். "முதலில் கம்பி போடுவோம், சர்ஜனை அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் பொதுப் பல் மருத்துவரும் சட்டப்படி கம்பி போடலாம், அதில் தவறில்லை. ஆனால் அறுவையோடு சேர்ந்த கேஸுக்கு நிபுணரே வேண்டும். ஹெச்பிசிஎஸ்ஏ என்ற நாட்டின் மருத்துவத் தொழிலாளர் பதிவுக் குழுவின் இணையப் பட்டியலில் மருத்துவரின் பெயரைத் தேடினால் அவர் எந்தத் துறையில் நிபுணராகப் பதிவாகியிருக்கிறார் என்று தெரியும்.

தனியார் மருத்துவம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு வழி இருக்கிறது. அங்கே வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். டர்பனின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தாடை அறுவைப் பிரிவு உண்டு. சிக்கல் கம்பியில்தான். அரசு வழியில் கம்பி சிகிச்சை பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்தது. நெடுங்காலமாக அவை விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரிட்டோரியா, செஃபாகோ மக்காதோ, வெஸ்டர்ன் கேப் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில்தான். ஜோஹனஸ்பர்க்கில் அக்காவோ சித்தப்பாவோ இருந்தால் அங்கே பெயர் பதிந்து, டர்பனிலிருந்து N3 நெடுஞ்சாலையில் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை போய்வருகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். காத்திருப்பு நீளம், வேலை நன்றாக இருக்கும்.

நான்காம் படி: மெடிக்கல் எய்ட், அதாவது பொறுமைக்குச் சோதனை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அறுவையைவிட இதில்தான் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவச் செலவுக் காப்பீட்டில், தாடை சீரமைப்பு அறுவையைப் பல திட்டங்கள் முழுசாக விலக்கி வைத்திருக்கின்றன. சில திட்டங்கள் மருத்துவமனைச் செலவை மட்டும் தருகின்றன, சில ஓர் உச்சவரம்பு வைத்துத் தருகின்றன. கம்பிக்கோ பல திட்டங்களில் பதினெட்டு வயதோடு கதவு சாத்திவிடுவார்கள். அதனால் "எனக்கு மெடிக்கல் எய்ட் இருக்கிறது" என்பது பதிலே இல்லை. எந்தத் திட்டம், இந்த வருடத்து விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கும், விதிகளோ ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். கம்பி போட்டபோது இருந்த சலுகை அறுவைக்குள் காணாமல் போகலாம்.

திட்டம் மாற நினைத்தால் 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தை நினைவில் வையுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு மூன்று மாதம் வரை பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே இருக்கும் குறைக்குப் பன்னிரண்டு மாதம் வரை தனிக் காத்திருப்பும் வைக்க ஸ்கீமுக்கு, அதாவது மெடிக்கல் எய்ட் நிறுவனத்துக்கு, உரிமை உண்டு. ஓபன் பைட் ஏற்கெனவே இருக்கும் குறைதான். மறைத்துச் சேரவும் வேண்டாம், எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் இந்த "நூறு சதவீதம்" என்ற வார்த்தை. நூறு சதவீதம் தருகிறோம் என்றால் பில்லில் நூறு சதவீதம் என்று நம்பி வருகிறார்கள். அது ஸ்கீம் தானே வைத்திருக்கும் கட்டணத்தில் நூறு சதவீதம். சர்ஜனும் மயக்க மருந்து நிபுணரும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்கலாம், மிச்சம் உங்கள் தலையில். கேப் கவர் என்ற தனிக் காப்பீடு இந்த இடைவெளியைத்தான் நிரப்பும். ஆனால் ஸ்கீம் அந்த அறுவையையே ஏற்கவில்லை என்றால் கேப் கவரும் பொதுவாகக் கையை விரித்துவிடும். அதற்கும் தனியாகக் காத்திருப்புக் காலம் உண்டு.

ஆக, சர்ஜனிடம் அறுவைக் குறியீடுகளோடு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மருத்துவமனை, சர்ஜன், உதவி சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், தகடும் திருகும், கணினித் திட்டமிடல், ஸ்கேன் என்று பில்கள் தனித்தனியாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஸ்கீமின் பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் யாரோ சரி என்று சொன்னதெல்லாம் கணக்கில் வராது. முன் அனுமதிக் கடிதத்தில் அழகைப் பற்றிப் பேசாமல் கடிக்க முடியாதது, மெல்ல முடியாதது, பின்பற்களின் தேய்மானம், பேச்சு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் அது, எல்லாம் படத்தோடும் அளவோடும் இருக்க வேண்டும். முதலில் மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் நியாயம் இல்லை என்று தோன்றினால் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: திட்டம் போடுவது

பக்கவாட்டு எக்ஸ்ரே, சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன், பற்களின் டிஜிட்டல் ஸ்கேன், முகப் படங்கள். இவற்றைக் கணினியில் சேர்த்து எந்த எலும்பு எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில் என்று முடிவு செய்வார்கள்.

எலும்பு சார்ந்த ஓபன் பைட்டுக்கு அடிப்படையான அறுவையின் பெயர் லெ ஃபோர்ட்-1. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் 1901-இல் முக எலும்பு எந்தக் கோடுகளில் முறிகிறது என்று எழுதி வைத்தார். அதில் கீழ்மட்டக் கோட்டிலேயே மேல்தாடையைப் பிரிப்பதால் இந்தப் பெயர். பற்களுக்கு மேலே எலும்பைக் கிடையாக வெட்டி, பின்பக்கம் சில மில்லிமீட்டர் எலும்பை எடுத்துவிட்டு, மேல்தாடையின் பின்பகுதியை மேலே ஏற்றுவார்கள். கீலில் இருந்த கல் போய்விட்டது. கீழ்த்தாடை தானாகச் சுழன்று மேலே வரும், முன்பற்கள் சந்திக்கும், முகத்தின் நீளமும் குறையும். மேல்தாடை குறுகலாக இருந்தாலோ முன்பற்களும் பின்பற்களும் இரண்டு தளத்தில் இருந்தாலோ அதையே இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துப் பொருத்துவதும் உண்டு.

கீழ்த்தாடை பின்தங்கியோ முன்தள்ளியோ இருந்தால் அதையும் இருபுறமும் பிளந்து நகர்த்துவார்கள். இந்த முறை 1957-இல் தாடை அறுவை மருத்துவர் ஹ்யூகோ ஓப்வேகெசரின் பெயரோடு உலகத்துக்குத் தெரியவந்தது. அதில் வந்த மாற்றங்களோடு இன்றும் அதுதான் நடக்கிறது. முகவாய் நுனியைத் தனியாகச் சரிசெய்வது கூடுதல் விருப்பம்.

எது நிலைக்கும் என்று கேளுங்கள். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் வில்லியம் ப்ராஃபிட்டும் கூட்டாளிகளும் 1996-இல் தாடை நகர்வுகளை நிலைப்பு வரிசையில் அடுக்கினார்கள். மேல்தாடையை மேலே ஏற்றுவது மிக நன்றாக நிலைக்கும் நகர்வுகளில் ஒன்று, கீழே இறக்குவதும் அகலப்படுத்துவதும் கடைசி வரிசையில். ஓபன் பைட்காரர்களுக்கு அந்த வகையில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது.

ஆறாம் படி: அறுவைக்கு முந்தைய கம்பி

பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம். இந்தக் காலத்தில் சந்து மூடாது. பலருக்கு அது இன்னும் பெரிதாகத் தெரியும், அப்படித்தான் ஆக வேண்டும். தாடை தவறான இடத்தில் இருப்பதைச் சமாளிக்கப் பற்கள் பல வருடமாகச் சாய்ந்து, நீண்டு ஒத்துழைத்து வந்திருக்கும். அந்தச் சமாளிப்பையெல்லாம் அவிழ்த்து, ஒவ்வொரு பல்லையும் அதன் எலும்பில் நேராக நிறுத்துவதுதான் இப்போதைய வேலை. முன்பற்களைக் கீழே இழுக்கவே மாட்டார்கள். இழுத்தால் அறுவை முடிந்தபின் அவை மேலே ஏறி, சந்து மறுபடி திறக்கும்.

ஆறாவது மாதத்தில் எங்கள் முன்மேசைக்கு ஒரு போன் வரும். அம்மாவோ பெரியம்மாவோ பேசுவார்கள். "கம்பி போட்டும் பிள்ளைக்கு இன்னும் மோசமாத்தான் இருக்கு, டாக்டர் சரியாப் பாக்கிறாரா?" கோயில் கல்யாணத்தில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். திட்டத்தின் கணினிப் படத்தை முதல் நாளே போனில் வாங்கி வைத்துக்கொண்டால் இந்த மாதங்களில் வீட்டாருக்குக் காட்ட உதவும்.

கீழ்த்தாடையையும் பிளப்பதாக இருந்தால் ஞானப்பற்களை ஆறு மாதம் முன்பே எடுக்கச் சொல்லும் சர்ஜன்கள் பலர். பல் துலக்குவதில் சோம்பல் வேண்டாம். கம்பியைச் சுற்றிச் சொத்தை வந்தால் அறுவைத் தேதி தள்ளிப்போகும்.

ஏழாம் படி: தேதியும் விடுப்பும்

மெட்ரிக் வருடத்தில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், இறுதித் தேர்வுக்கு முன்னால் அறுவை வைக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடுப்புக் கணக்கை இப்போதே பாருங்கள். அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருடச் சுற்றுக்கு முப்பது நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் இருபத்தாறு வேலை நாளுக்கு ஒரு நாள்தான். மேசை வேலை என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டியிருக்கும், பாரம் தூக்கும் வேலை என்றால் அதற்கும் மேல். சின்னக் காய்ச்சலுக்கெல்லாம் விடுப்பைச் செலவழித்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

சிகரெட், வேப், ஹப்ளி என்ற ஹூக்கா மூன்றும் பல வாரம் முன்பே நிற்க வேண்டும். எலும்பு சேர்வதை அவை கெடுக்கும், ஈறுத் தையல் ஆறுவதையும் கெடுக்கும். ஹப்ளியைப் புகையாகவே எண்ணாத பையன்கள் இருக்கிறார்கள், அதனால் பெயர் சொல்லி எழுதுகிறேன். ஆஸ்பிரின், நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை எது சாப்பிட்டாலும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: அறுவை நாள்

திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிற்கும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு. முழு மயக்கம், மூச்சுக்குழாய் மூக்கு வழியாக. வெட்டு எல்லாம் வாய்க்குள்ளே, வெளியே தழும்பு பெரும்பாலும் இருக்காது. ஒரு தாடை என்றால் இரண்டு மணி நேரம் போல, இரண்டும் என்றால் நாலைந்து. எலும்பைப் புது இடத்தில் டைட்டானியம் தகடும் திருகும் வைத்து இறுக்குவார்கள். அவை வழக்கமாக உள்ளேயே இருந்துவிடும். முப்பரிமாண அச்சில் செய்த ஒரு பிளாஸ்டிக் தகட்டில் பற்கள் பொருந்துகின்றனவா என்று அங்கேயே சரிபார்ப்பார்கள். இப்போதெல்லாம் வாயைக் கம்பியால் கட்டிப்போடுவது குறைவு, ரப்பர் பேண்டுதான். ஒன்று முதல் மூன்று இரவு மருத்துவமனையில்.

ஆபத்துகள் என்ன? கீழ்த்தாடையைத் தொட்டால் கீழுதடும் முகவாயும் அநேகமாக எல்லோருக்கும் மரத்துப்போகும். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் தெளியும், சிலருக்கு ஒரு திட்டு நிரந்தரமாகத் தங்கும். மேல்தாடையில் மேலுதடும் ஈறும் கொஞ்ச காலம் மரக்கும், மூக்கின் அடி சற்று அகலலாம். அதைக் குறைக்க ஒரு தையல் போடுவதுண்டு, முன்கூட்டியே கேளுங்கள். இரத்தப்போக்கு, தொற்று, தகடு தொந்தரவு தந்து எடுக்க வேண்டியது, பல் வேர் பாதிப்பு, எலும்பு சரியாகச் சேராதது எல்லாம் அரிதானாலும் உண்டு. துண்டு துண்டாகப் பிரிக்கும் அறுவையில் ஈறுக்கும் எலும்புக்கும் இரத்த ஓட்டம் குறையும் ஆபத்து சற்றுக் கூடுதல். இதையெல்லாம் சொல்லாமல் ஒப்புதல் படிவத்தை நீட்டும் சர்ஜனிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: முதல் ஆறு வாரம்

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். தலையை உயர்த்திப் படுங்கள், முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம். இரண்டு மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் வடியும், கடைசிச் சொட்டு வடிய ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். மேல்தாடை அறுவைக்குப் பிறகு இரண்டு வாரமாவது மூக்குச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கிலிருந்து பழைய இரத்தம் கொஞ்சம் கசிவது வழக்கம், புது இரத்தம் நிற்காமல் ஓடினால் உடனே மருத்துவமனைக்கு. வாயைக் கம்பியால் கட்டியிருந்தால் கம்பி வெட்டும் கருவி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும், அதை எங்கே வெட்டுவது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாடு. முதல் ஒன்றிரண்டு வாரம் திரவம், ஆறாவது வாரம் வரை மெல்லாமல் விழுங்கும் உணவு. எடை குறையும், பயப்பட வேண்டாம், ஆனால் புரதம் குறையக் கூடாது. அதில் நமக்குக் கவலையே இல்லை. ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் மாதிரி மீலி மீல் என்ற மக்காச்சோள மாவைத் தண்ணியாகக் காய்ச்சி அமாசி என்ற புளித்த பாலில் கரைத்தால் பசியும் அடங்கும், புரதமும் சேரும். பருப்பை வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, நெய் ஒரு கரண்டி. கோழிச் சாற்றில் பருப்பை அரைத்துச் சேர்க்கலாம். வடிகட்டாமல் விட்டால் கறிவேப்பிலை நாரும் கடுகும் கம்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மரத்த உதட்டுக்கு அது தெரியாது. மிளகாய்த்தூளை இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். ரசம் ஆறிய பிறகு. உதடு மரத்திருக்கும்போது சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு. ஸ்ட்ரா வேண்டாம் என்று பெரும்பாலான சர்ஜன்கள் சொல்வார்கள், சிரிஞ்சோ சின்னக் கோப்பையோ போதும். மின்வெட்டு அட்டவணை மறுபடி வந்தால் பிளெண்டரை நம்ப முடியாது, இரண்டு நாளுக்கு முன்கூட்டியே அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். புரட்டாசி விரதக்காரர்கள் சைவமாக இருக்கலாம், பட்டினி மட்டும் இந்த வருடம் வேண்டாம்.

ரப்பர் பேண்டை மாட்டுவது முதல் வாரம் கண்ணீர் வர வைக்கும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், உப்புத் தண்ணீர், மருத்துவர் தரும் குளோர்ஹெக்ஸிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும்.

மூன்றாம் நாளிலிருந்து இரண்டாம் வாரம் வரை மனசு கீழே விழும். எதற்காக இதைச் செய்தோம் என்று தோன்றும், அழுகை வரும். இது எல்லா சர்ஜன்களுக்கும் தெரிந்த விஷயம், போய்விடும். நம் வீடுகளில் கூடுதலாக ஒரு சிக்கல்: பார்க்க வருகிறவர்கள். அறுவை என்றதும் பழத்தைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் வருவார்கள், அந்தப் பழத்தைக் கடிக்க முடியாது. "என்னம்மா, மூஞ்சியே மாறிப்போச்சே!" என்று அத்தை ஒருத்தி சொல்வாள். அவள் சொன்னது உண்மையும்கூட. முதல் பத்து நாள் வாசலிலேயே பேசி அனுப்பிவிட வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள்.

காவடி நேர்ந்தவர்கள் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்துகிற இடம் தையலுக்கும் தகடுக்கும் மிகப் பக்கம், மரத்த இடத்தில் வலி எச்சரிக்கையும் வேலை செய்யாது. தைப்பூசம் அறுவைக்குப் பிறகு சில மாதத்துக்குள் வந்தால் அந்த வருடம் பால்குடம் எடுங்கள். கோயில் பெரியவர்கள் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. கிரிக்கெட், கால்பந்து, ரக்பி எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு, சர்ஜன் சொன்னால் மட்டும்.

பத்தாம் படி: மறுபடி கம்பி, அப்புறம் ரிடெய்னர்

நாலு முதல் ஆறு வாரத்தில் ஆர்த்தோடான்டிஸ்ட் மறுபடி கையில் எடுப்பார். கடியை நுணுக்கமாகப் பொருத்த ஆறு முதல் ஒன்பது மாதம். வாய் திறக்கும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். இரண்டு மூன்று விரல் செங்குத்தாக நுழைகிற அளவு வர வேண்டும்.

மறுபடி திறப்பதில் நாக்குக்கு ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. நாக்கு சந்தை உண்டாக்குகிறது என்பவர்களும் உண்டு, சந்து இருப்பதால்தான் நாக்கு அங்கே போகிறது என்பவர்களும் உண்டு. சந்து மூடினால் பலருக்கு நாக்கு தானாகப் பின்வாங்கும். விழுங்கும்போதும் ஸ, ச ஒலிகளிலும் அது இன்னும் முன்னால் தள்ளினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் சில மாதம் போவது நல்லது. ஒவ்வாமை மூக்கடைப்பையும் கவனியுங்கள், டர்பனின் ஈரக்காற்றில் வீட்டுக்குள் பூஞ்சை பிடித்தால் வாயால் மூச்சு விடும் பழக்கம் திரும்பிவிடும்.

பற்கள் பழைய இடத்துக்குப் போகாமல் பிடித்து வைக்கும் கருவிதான் ரிடெய்னர், முதலில் பெரும்பாலும் நாள் முழுக்க, பிறகு இரவில். எத்தனை வருடம் என்று கேட்பார்கள். பற்கள் இருக்கும்வரை என்பதுதான் எங்கள் மருத்துவரின் பதில். கார் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்தால் வளைந்துவிடும், டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால் குப்பைக்குப் போய்விடும். முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை காட்டுங்கள். ரிடெய்னர் திடீரென்று இறுக்கமாகத் தோன்றினாலோ கடித்திருக்கும்போது மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே ஒரு தாள் தடையில்லாமல் உருவி வந்தாலோ அந்த வருடப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போன் போடுங்கள்.